பின்கட்டு அறைக்கு ஒரு தரை

ஒரு வீட்டின் லட்சணத்தை வாசலைப் பார்த்துச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன். பிரசவம் பார்க்கப் போகிறவளுக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை. முட்டி போட்டு மணிக்கணக்காகக் கிடந்த தரைதான் எனக்கு அந்த வீடு. எந்த அறைக்கு எந்தத் தரை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். அந்த வீட்டில் யாரை மனுஷராக நினைக்கிறார்கள், யாரை நினைக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

என் பெயர் மரிய செல்வி. சொந்த ஊர் ஆவூர். 1957இல் திருக்கோகர்ணத்துக்கு மேற்கே மூன்று மைலில் இருந்த ஒரு கிராமத்துக்கு சர்க்கார் மருத்துவச்சியாக மாற்றலாகி வந்தேன். பிரசவ விடுதி என்று வாசலில் பலகை தொங்கியது. உள்ளே ஒரு பீரோவும் ஒரு மேஜையும்தான். கட்டில் கிடையாது. பிரசவமெல்லாம் வீடுகளில்தான். கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஊர்க்காரர்களுக்கு நான் நர்ஸம்மா.

அந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே மனுஷி அழகம்மாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். ஊரில் அவளுக்குக் கோவக்காரி என்று பெயர். "அவகிட்ட வாயக் குடுக்காதீங்க நர்ஸம்மா, வள்ளுனு விழுவா" என்று வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னார்கள். ஏன் விழுகிறாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு!

அவள் புருஷன் உடையப்பன் மலேயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வேலை. 1956இல் ஒரேயடியாக ஊர் திரும்பி, புது வீடு கட்டத் தொடங்கினார். இரண்டு வருஷம் கட்டினார். அவர்களுக்கு ஒரே மகள் கண்ணாத்தாள். பத்தொன்பது வயது. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைப் பார்க்கத்தான் 1958ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு காலை நேரம் நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனேன்.

போனவளைப் பிள்ளைத்தாய்ச்சியிடம் விடாமல் உடையப்பன் வழிமறித்துக்கொண்டார்.

"வாங்க நர்ஸம்மா. செருப்ப அங்கிட்டுக் கழட்டிட்டு வாங்க. வீட்டச் சுத்திப் பாத்துட்டு அப்புறம் புள்ளயப் பாக்கலாம். எங்க போயிரப் போறா?"

வீட்டைச் சுற்றிக் காட்டினார் என்பது பொய். தரையைச் சுற்றிக் காட்டினார். முன்கூடத்தில் ஆத்தங்குடிப் பூக்கல். மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணைப் பறித்தது. "வர்றவுக மொதல்ல பாக்குறது இதத்தானுங்களே" என்றார். சாமி அறையில் காவி கலந்த சிமெண்டுத் தரை. நாலு பெண்கள் பத்து நாள் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தார்களாம். குனிந்தால் முகம் தெரிந்தது. நெல் அறையில் எலி வளை தோண்டக் கூடாது என்று செங்கல்லை நெருக்கிப் பாவிச் சுண்ணாம்புச் சாந்து இட்டிருந்தார். அடுப்படியில் கழுவி விடுவதற்கு வாட்டமாகச் சிமெண்டு. கொல்லைப்புறத்தில் மாட்டுத் தொழுவம். அதற்குக் கருங்கல் பலகை! மூத்திரம் தேங்காமல் ஓட வேண்டும் என்று சரிவு பார்த்துப் போட்டு, ஓரத்தில் வாய்க்காலும் வெட்டியிருந்தார்.

"ஈரத்துல நின்னா மாட்டுக்குக் கொளம்பு அழுகிருமுல்ல" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். மாட்டின் மேல் அவருக்கு உண்மையாகவே அக்கறை இருந்தது.

கடைசியாக ஆபீஸ் ரூம். அதற்கு மட்டும் பூட்டு. சாவி அவர் இடுப்பில். திறந்ததும் வார்னிஷ் வாசம் அடித்தது. தரை முழுக்கத் தேக்குப் பலகை. செங்கல் வரிசைமேல் மரச்சட்டம் அடித்து, சட்டத்தின்மேல் பலகையோடு பலகை ஓரத்தில் காடிப் பள்ளம் எடுத்துப் பொருத்தியிருந்தது. இரண்டு பெரிய ஜன்னல்கள். வெளிச்சம் பலகைமேல் விழுந்து தேன் நிறத்தில் கிடந்தது.

அவர் தோட்டத்துத் துரையின் பங்களாவில் ஓக்கு மரத் தரையாம். பதினோரு வருஷம் தினமும் காகிதத்தில் கையெழுத்து வாங்க அங்கே போயிருக்கிறார். ஒரு நாளும் அந்தத் தரையில் கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளிப்படியில் நின்று கையை நீட்டுவாராம். துரையின் நாய் மட்டும் அந்தப் பலகைமேல் படுத்திருக்குமாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவம் அன்று மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை.

ஓக்கு மரத்துக்கு எங்கே போவது? எங்கள் ஊர் அந்தோணிமுத்து ஆசாரியைக் கூட்டிவந்து, திருச்சி மரவாடியில் தேக்கு எடுத்துப் போட்டிருந்தார். ஆசாரி அன்றைக்கும் பக்கத்து அறைக் கதவுக்குக் கொண்டி அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊர்ப்பாசத்தில் அவர் சொன்ன முதல் பேச்சே இதுதான்:

"செல்வி, நீயும் கேட்டுக்க. இந்தப் பலகைக்கு வாளித் தண்ணி மட்டும் காட்டிரக் கூடாது. சாரல் பட்டாக்கூட ஒடனே துணி போட்டுத் தொடச்சிரணும். தண்ணி எறங்குச்சுன்னா பலகை உப்பிப் பொதும்பி எந்திரிச்சிரும். அய்யாகிட்டயும் நூறு தடவ சொல்லிட்டேன்."

"இந்த ரூமுக்குள்ள எவ தண்ணியத் தூக்கிட்டு வரப் போறா?" என்று உடையப்பன் சிரித்தார்.

நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, "ரொம்ப அழகா இருக்குங்க" என்றேன். அவர் கொடுத்த காப்பியையும் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு வார்த்தை கேட்கத் தோன்றுகிறது.

அழகம்மாள் அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாத் தரையும் பாத்துட்டீகள்ல? இன்னும் ஒன்னு பாக்கி. இங்கிட்டு வாங்க" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

தொழுவத்துக்கும் விறகுக் கொட்டடிக்கும் நடுவில் ஓர் அறை. தூரமானால் பெண்கள் ஒதுங்குவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் என்று கட்டியது. ஜன்னல் என்ற பெயரில் ஒரு துவாரம். கண் பழகியதும் கீழே பார்த்தேன். தரை என்று எதுவும் இல்லை. மண். வீடு கட்டக் கிளறிய அதே மண்ணைக் கெட்டித்து, மேலே சாணி மெழுகியிருந்தது. கையை வைத்தேன். ஈரம் ஒட்டியது.

அங்கேதான் அழகம்மாள் எனக்குத் தன் கதையைச் சொன்னாள். அழவில்லை. யாரோ ஒருத்தியைத் திட்டுவதுபோலச் சொன்னாள். பதினாறு வயதில் கல்யாணம். அடுத்த வருஷம் பழைய வீட்டுப் பின்கட்டில், இதே மாதிரி சாணி மெழுகிய மண்ணில், ஆண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. வாய் இறுகிவிட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. மறுநாள் போய்விட்டது. ஜன்னி என்றார்கள். பிறகு புருஷன் அவளை மலேயாவுக்கு அழைத்துப்போனார். அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் கண்ணாத்தாள் பிறந்தாள். சிமெண்டுத் தரை, தினம் இரண்டு வேளை பினாயில் விட்டுக் கழுவுவார்களாம். எட்டாம் நாள் வந்தது, போனது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யுத்தம் வரப்போகிறது என்று 1941இல் அவளையும் குழந்தையையும் கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டார். அப்போது அவள் மறுபடி ஆறு மாதம். பழைய வீடு, பழைய பின்கட்டு, பழைய மண். மறுபடி ஆண் குழந்தை. மறுபடி எட்டாம் நாள்.

"ரெண்டும் மண்ணுல பொறந்துச்சு, மண்ணுக்கே போச்சு. சிமிட்டியில பொறந்தவ ஒருத்தி நிக்கிறா. எனக்குப் படிப்பு இல்ல நர்ஸம்மா. நான் நெனைக்கிறது தப்பா?"

தப்பில்லை என்றேன். தரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கொடி அறுக்கிற கத்தி, கட்டுகிற துணி, பிடிக்கிற கை எல்லாமும் உண்டு. கத்தியையும் துணியையும் நான் கொதிக்க வைத்துவிடுவேன். மண்ணையும் சாணியையும் எப்படிக் கொதிக்க வைப்பது? அந்த ஜன்னி குடியிருப்பதே அங்கேதானே!

"அப்ப அவருகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா சண்டைங்கிறாரு."

சொன்னேன். உடையப்பன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அந்த ரூமுக்கு என்ன விருந்தாளியா வரப் போறாக? பாக்க ஆள் வராத ரூமுக்கு எதுக்குங்க நர்ஸம்மா தரை?"

"புள்ள வரப் போகுதுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார். அப்படியானால் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றேன். அதற்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "தலப்பிரசவம் பாக்கத் தாய்வீட்டுல வக்கில்லயான்னு சம்பந்தி கேக்கவா?" என்றார்.

அவருக்குப் பக்கத்துணையாக அக்கா மருதாயி இருந்தாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருந்தவள். அவளுக்கு இதில் ஒரு சாஸ்திரமே இருந்தது. மண்தரை என்றால் ஒவ்வொரு தீட்டுக்கும் மேலாகச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுச் சாணி மெழுகலாம், தீட்டுப் போய்விடும். சிமெண்டைச் சுரண்ட முடியுமா? "சிமிட்டியில தீட்டு ஊறிப் போயிரும். அப்புறம் வீடே வெளங்காது" என்றாள். எத்தனை பெண்கள் எத்தனை மெழுகலில் அந்த ஜன்னியைத் தங்கள் கையாலேயே பூசி வைத்திருக்கிறார்கள்! மருதாயி கெட்டவள் இல்லை. அவள் பெற்ற நாலில் மூன்று அப்படித்தான் போயிருந்தன. தலையெழுத்து என்று இருந்துவிட்டாள்.

அழகம்மாள் இருக்கவில்லை. தினம் சண்டை போட்டாள். சோற்றை வைத்துவிட்டுச் சண்டை, சோற்றை வைக்காமல் சண்டை. வேலையெல்லாம் முடிந்து இரண்டு மூட்டை சிமெண்டு மிச்சம் கிடந்தது. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க நடையாய் நடக்க வேண்டிய காலம். அந்த இரண்டு மூட்டைமேல் அவள் கண் விழுந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் உடையப்பன் டவுனுக்குப் போயிருந்தார். அழகம்மாள் முனியசாமி கொத்தனாரைக் கூப்பிட்டு, "அய்யா போடச் சொல்லிட்டாரு" என்று கூசாமல் பொய் சொன்னாள். முனியசாமி மண்ணைக் கிளறி, சல்லி போட்டு இடித்து, கலவை குழைத்துப் பூசிவிட்டார். மட்டப்பலகை போட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது உடையப்பன் வந்துவிட்டார். சாயந்திர பஸ்ஸுக்கு வர வேண்டியவர் மத்தியான பஸ்ஸுக்கே வந்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். "பாழாப் போகாமக் காயறதுக்குள்ள அள்ளிரு முனியசாமி. தொழுவத்துல தண்ணித் தொட்டி பூசாமக் கெடக்கு, அதுக்குப் போட்டுரு" என்றார். முனியசாமி என்ன செய்வார்? மம்பட்டியை எடுத்தார். ஈரக் கலவையைச் சட்டி சட்டியாக அழகம்மாள் கண்முன்னே கொண்டுபோய் மாட்டுத் தொட்டிக்கு அப்பினார்கள். நிறைசூலியான கண்ணாத்தாள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மருதாயி அந்த அறையில் பழையபடி மண்ணைக் கொட்டிக் கெட்டித்துச் சாணி மெழுகினாள்.

நான் விஷயம் கேள்விப்பட்டுப் போனபோது அழகம்மாள் தொட்டிப் பக்கம் நின்றிருந்தாள். மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"வழுவழுன்னு பூசியிருக்காரு பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஆள் வந்தது. கண்ணாத்தாளுக்கு வலி எடுத்துவிட்டது. குடையும் பையுமாக ஓடினேன். உடையப்பன் ஒரு கல்யாணத்துக்காக விடியற்காலையிலேயே டவுனுக்குப் போயிருந்தார். பின்கட்டு அறைக்குப் போய்ப் பார்த்தேன். சுவரடியில் நீர் கசிந்து, மெழுகிய தரை சொதசொதவென்று கிடந்தது. நல்ல காரியம் என்று மருதாயி அன்று காலையில் அதன்மேல் இன்னொரு தடவை புதுச் சாணி போட்டிருந்தாள்.

நான் ரப்பர் விரிப்பை எடுத்தேன். விரிப்பதற்கு ஓர் உலர்ந்த இடம் தேடினேன். இல்லை.

அழகம்மாள் வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். அம்மிக்குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டி, மருதாயியைத் தாண்டி, நேரே ஆபீஸ் ரூம் கதவுக்குப் போனாள். மூன்றாவது அடியில் பூட்டு கொண்டியோடு பெயர்ந்து விழுந்தது.

"அடிப்பாவி! ஆம்பள ரூமுக்குள்ள தீட்டக் கொண்டு போறியே!" என்று மருதாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆமா மதினி. கொண்டுதான் போறேன். கண்ணாத்தா, நீ வாடி."

நான் தயங்கினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு நிமிஷம் தயங்கினேன். உடையப்பன் பெரிய மனுஷர். பெட்டிஷன் எழுதிப் போட்டால் என் வேலை என்ன ஆகும் என்று யோசித்தேன். அழகம்மாள் திரும்பிப் பார்த்து, "காப்பி குடிச்சதுக்கு யோசிக்கிறீகளா நர்ஸம்மா?" என்றாள். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மேஜையையும் நாற்காலியையும் ஓரம் தள்ளினோம். உலர்ந்த பலகை, இரண்டு ஜன்னல் வெளிச்சம், உள்ளே தாழ்ப்பாள். என் வாழ்நாளில் அதுவரை அவ்வளவு நல்ல இடத்தில் நான் பிரசவம் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தோம். கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தேன். நகத்தை வெட்டி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவும்படி அழகம்மாளிடம் சொன்னேன். தோல் உரிந்துவிடும்போலத் தேய்த்தாள்.

இரண்டு மணி வாக்கில் உடையப்பன் வந்துவிட்டார். உடைந்த பூட்டைப் பார்த்தார். மருதாயி சொன்னதைக் கேட்டார். கதவைத் தட்டினார்.

"அழகம்மா! தொற கதவ! என்ன காரியம் பண்ணியிருக்க நீ?"

மகளின் தலையை மடியில் வைத்திருந்த அழகம்மாள் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"செருப்பக் கழட்டிட்டு அங்கிட்டே நில்லுங்க. பலகையில சேறு ஒட்டும்."

ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை பிறந்தது. பெண். அழுத அழுகையில் ஓடு பெயர்ந்திருக்கும். நான் கதவைத் திறந்தபோது உடையப்பன் வெறுங்காலோடு படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். எனக்கு இந்தத் தடவை பாவமாக இல்லை.

தீட்டுப் பட்ட அறைக்குள் அவர் நுழைய முடியாது. எனவே பதினாறு நாள் தாயும் குழந்தையும் அங்கேதான் இருந்தார்கள். நான் தினமும் போனேன். அழகம்மாள் தூங்கியதாகத் தெரியவில்லை. குழந்தை பால் குடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழாம் நாள் என்னிடம், "நாளைக்கு வெள்ளனவே வந்துருங்க" என்றாள். அதட்டித்தான் சொன்னாள். எட்டாம் நாள் விடிந்ததும் போனேன். குழந்தை வீறிட்டு அழுதது. அழகம்மாள் தன் சுண்டுவிரலைக் கழுவிக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

"சப்புறா நர்ஸம்மா! இழுத்து இழுத்துச் சப்புறா!"

ஒன்பதாம் நாளும் வைத்துப் பார்த்தாள். பத்தாம் நாளும். பன்னிரண்டாம் நாள்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டாள்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழித்தார்கள். கண்ணாத்தாளையும் குழந்தையையும் குளிப்பாட்டிக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அறையைச் சுத்தம் செய்ய வேண்டும். நான் குழந்தையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உடையப்பன் வேலையாட்களுக்குச் சொன்னது காதில் விழுந்தது.

"ஒரு மூல விடாமக் கழுவி விடுங்க. முப்பது கொடம் குறையக் கூடாது. மஞ்சளும் சாணியும் கரச்சு ஊத்துங்க."

அந்த வீட்டில் தண்ணீர் போக வழியே இல்லாத அறை அது ஒன்றுதான். சரிவு இல்லை, மடை இல்லை, நிலைப்படியும் உயரம். ஆசாரி நூறு தடவை சொன்னது அவருக்கு மறந்துவிட்டதா? மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். தன் மகள் பிள்ளை பெற்ற தீட்டு அந்தப் பலகையில் இருக்கிறது என்ற அருவருப்பு ஆசாரி சொன்னதைவிடப் பெரிதாகிவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். அழகம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பேசாம இருங்க. ஊத்தட்டும்."

ஊற்றினார்கள். முப்பதா, நாற்பதா, நான் எண்ணவில்லை. மருதாயி விளக்குமாற்றால் தேய்த்தாள். தண்ணீர் வெளியே வரவில்லை. பலகைச் சந்துகளில் குமிழ் விட்டுக்கொண்டே கீழே இறங்கியது. "பரவாயில்ல, தானா வத்திருச்சு" என்று உடையப்பனே சொன்னார்.

நாலே நாளில் பலகைகள் பொதும்பின. நடுவில் கூடாரம்போல எழும்பி, காடி விட்டுப் பிளந்தன. கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. மேஜை ஒரு பக்கம் சாய்ந்தது. அடியில் தேங்கிய சாணித் தண்ணீர் நாறியது. அந்தோணிமுத்து ஆசாரி வந்து உட்கார்ந்து ஒரு பலகையை நெம்பிப் பார்த்தார். "யாருங்க தண்ணி ஊத்துனது?" என்று கேட்டார். மருதாயி கொல்லைப் பக்கம் நழுவினாள். "சட்டமே ஊறிருச்சுங்க. பூராவும் பிரிச்சாகணும்" என்று எழுந்துவிட்டார்.

தை மாதம் உடையப்பன் முனியசாமியைக் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் ரூமில் பலகையைப் பிரித்துவிட்டுக் காவித்தரை போடச் சொன்னார். கூடவே, "பின்கட்டு ரூமுக்கும் சிமிட்டி போட்டுரு. இனிமே எவளும் சாக்குச் சொல்லிக்கிட்டு என் ரூமுக்குள்ள வரக் கூடாது" என்றார்.

கேட்டீர்களா காரணத்தை? செத்துப்போன இரண்டு மகன்களுக்காக இல்லை. பெற்றவள் வருஷக்கணக்காகச் சொன்னதற்காக இல்லை. நர்ஸ் சொன்னதற்காகவும் இல்லை. அவர் அறை அவருக்கு வேண்டும், அதற்காக. நான் 1966இல் மாற்றலாகிப் போகும்வரை அந்தப் பின்கட்டு அறையில் பதினோரு பிரசவம் பார்த்தேன். அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் அழகம்மாள் கதவைத் திறந்துவிடுவாள். மருதாயி முணுமுணுத்தபடி வெந்நீர் வைப்பாள். ஒரு குழந்தையைக்கூட எட்டாம் நாள் பறிகொடுக்கவில்லை. நல்லதுதான். ஆனாலும் அந்தக் காரணத்தை நினைத்தால் என் கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை.

தரை போட்டு, ஏழு நாள் தண்ணீர் கட்டி, காய்ந்ததும் அழகம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். கழுவி விட்ட தரை சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. வாசல் பக்கம் வாட்டம். மூலையில் தண்ணீர் போக மடை. அவள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் சந்தோஷமாக ஏதோ சொல்லப் போனேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"முனியசாமி எப்ப ஆரம்பிச்சாரு தெரியுமா? காலக் கஞ்சி குடிச்சுட்டு ஆரம்பிச்சாரு. மத்தியானச் சோத்துக்குக் கை கழுவிட்டாரு. அர நாளு. ரெண்டு மூட்ட."

உள்ளங்கையால் தரையை ஒரு அடி அடித்தாள்.

"நான் என்னமோ மலையப் பேக்குற வேலைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். இம்புட்டுத்தானா? இந்த அர நாளு வேலைக்கா நர்ஸம்மா, எம் புள்ளைக ரெண்டும்…"

அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டாள். நானும் அந்தத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு மருதாயி தொழுவத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னடி அது, தரையப் போட்டு அந்த அடி அடிக்கிற?"

அழகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னுமில்ல மதினி. கெட்டியா இருக்கான்னு பாக்குறேன்."

சொல்லிவிட்டு இன்னொரு தடவை அடித்தாள்.